கம்ப்யூட்டர் வாங்கப்போகிறவர்

கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் உலகத்தில் உண்டு. இல்லாதவர்களும் உண்டு. இந்த இரு தரப்பாரிடமும் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. முன்னவருக்கு வேலை நடக்கிறது. பின்னவருக்குத் தூக்கம் நன்றாக வருகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது. அதை உங்களுக்கு அறிமுகம் செய்து வைக்கத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். இவர் கம்ப்யூட்டர் வாங்கியவர் இல்லை. வேண்டாமென்று விட்டவரும் இல்லை. வாங்கப்போகிறவர். போன வருஷமும் வாங்கப்போகிறவராகத்தான் இருந்தார். அடுத்த வருஷமும் அப்படியே இருப்பார். அதை அவருடைய பதவி என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வு வயது கிடையாது.

நீங்கள் இவரைச் சந்தித்திருப்பீர்கள். ஆபீஸ் கேன்டீனில் எதிர் நாற்காலியில் இருப்பார். பல் டாக்டரிடம் காத்திருக்கும்போது பக்கத்து நாற்காலியில் இருப்பார். வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது என்று நீங்கள் தெரியாத்தனமாக வாயைவிட்டால் போதும், நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார்.

"என்ன பிராசசர்?"

"தெரியலீங்க. கறுப்பா ஒரு பொட்டி. பட்டனை அழுத்தினா எரியுது."

"கிராஃபிக்ஸ் கார்டு?"

"கார்டு எதுவும் தரலையே. பில்லு மட்டும்தான் குடுத்தாங்க."

அப்போது அவர் உங்களைப் பார்ப்பார் பாருங்கள், நோய் முற்றிய பிறகு வந்த ஆளைப் பெரிய டாக்டர் பார்க்கிற பார்வை அது. ஐயோ பாவம், விவரம் தெரியாமல் எதையோ வாங்கிவிட்டான், அதில் வேலையும் செய்துகொண்டிருக்கிறான் என்று உச்சுக்கொட்டுவார். தன்னிடம் கம்ப்யூட்டரே இல்லை என்பதை அந்த நேரத்தில் நீங்கள் அவருக்கு நினைவுபடுத்தக் கூடாது. அது மரியாதை இல்லை.

கடைக்குப் போய், தயாராக இருப்பதில் ஒன்றைக் காட்டி, காசைக் கொடுத்துத் தூக்கிக்கொண்டு வருவது என்று ஓர் எளிய வழி இருப்பது அவருக்குத் தெரியாததல்ல. "ரெடிமேடா? அதெல்லாம் விவரம் இல்லாதவங்க தலையில கட்டறது. உள்ள என்னென்ன மட்டமான சாமான் போட்டிருக்கானோ யாரு கண்டா? ஒவ்வொண்ணையும் நாமளே பார்த்து எடுத்து, நாமளே அசெம்பிள் பண்ணணும்" என்பார். விஷயம் இவ்வளவுதான். யோசிக்க ஒரு பிராசசர், அது உட்கார ஒரு மதர்போர்டு, கைக்கு எட்டும் தூரத்தில் நினைவு வைக்க ரேம், மூட்டை கட்டிச் சேமிக்க டிஸ்க், படம் காட்ட கிராஃபிக்ஸ் கார்டு, மின்சாரம் பிரித்துக் கொடுக்க பவர் சப்ளை, சூட்டைத் தணிக்க ஃபேன், இத்தனையையும் போட்டு மூடி வைக்க கேபினெட் என்றொரு பெட்டி. ஒவ்வொன்றையும் பல கம்பெனிகள் செய்கின்றன. ஒவ்வொரு கம்பெனியும் பல தரத்தில் செய்கிறது. கேட்கச் சின்ன விஷயமாகத்தான் இருக்கிறது. இதைவிடச் சின்ன விஷயங்களுக்காக அண்ணன் தம்பிகள் பேச்சை நிறுத்தியிருக்கிறார்கள்.

சரி, எதற்காம் இந்தக் கம்ப்யூட்டர்? இப்படி நீங்கள் கேட்பீர்கள் என்று எதிர்பார்த்துத்தான் அவர் காலையில் எழுந்திருப்பதே. "எல்லாத்துக்கும்" என்பார். கேம் ஆட வேண்டும். வீட்டுக்காரி வேலைக்கு ஆக வேண்டும். பிள்ளைகள் பிறந்தால் அவர்கள் படிப்புக்கு ஆக வேண்டும். வீடியோ வெட்டி ஒட்ட வேண்டும். நாளைக்கே தனக்குப் பாட்டுப் பாடும் எண்ணம் வந்தால் அதையும் பதிவு செய்ய வேண்டும். என்ன கேம் ஆடுவார்? என் மூத்த மகளும் இதைத்தான் ஒருநாள் கேட்டாள். "எந்த கேமா இருந்தாலும் தாங்கணும்ல?" என்று பதில் வந்தது. அவர் தன் வாழ்நாளில் ஆடிய ஒரே கம்ப்யூட்டர் ஆட்டம், சீட்டுகளை இறங்குவரிசையில் அடுக்குவது. அதிலும் பாதியில் எழுந்து போய்விடுவார்.

அவருடைய பேச்சில் அடிக்கடி வரும் வாசகம் ஒன்று உண்டு. "இன்னைக்கு ஓடினா போதாது. நாளைக்கும் தாங்கற மாதிரி வாங்கணும்." இந்தக் கொள்கையில் குற்றம் காண உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. ஒரே சங்கடம், நாளைக்குத் தாங்கும் பொருளை நாளைக்குத்தானே விற்பார்கள்? ஆகவே இன்று வாங்குவது முட்டாள்தனம். புதுசு வரப்போகிறது, பொறுப்போம். புதுசு வந்தாயிற்று, ஆனால் அதில் ஏதோ கோளாறு என்று பேசிக்கொள்கிறார்கள், அது சரியாகட்டும். சரியாயிற்று, ஆனால் இப்போதுதான் எல்லோரும் முண்டியடித்து வாங்குகிறார்கள், விலை இறங்கட்டும். விலை இறங்கிற்று, ஏன் இறங்கிற்று? அடுத்தது வரப்போகிறது, அதனால்தான். அப்படியென்றால் இன்று வாங்குவது முட்டாள்தனம். இந்த ராட்டினத்தில் ஏறியவர் யாரும் தானாக இறங்கியதாகத் தகவல் இல்லை.

இத்தனையும் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? இந்த இனத்தில் அப்பழுக்கில்லாத ஓர் உருப்படியை எங்கள் குடும்பம் பெண் கொடுத்துச் சம்பாதித்திருக்கிறது. என் தங்கையின் கணவர். நான் மாப்பிள்ளை என்று கூப்பிடுவேன். என்னை மச்சான் என்பார். காப்பீட்டுக் கம்பெனி ஒன்றில் அதிகாரி. யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். குடி, சீட்டு என்று எதுவும் கிடையாது. இருந்திருந்தால் தேவலை என்று பின்னால் நான் நினைத்ததுண்டு.

என் தங்கைக்கு, கட்டிடங்களின் உள்பக்கத்தை வரைந்து கொடுப்பது தொழில். எந்தச் சுவர் எங்கே, எந்த அலமாரி எந்த உயரம், விளக்கு எந்தப் பக்கம் என்று கம்ப்யூட்டரில் வரைந்து, கட்டாத கட்டிடத்துக்குள் நம்மை நடக்க வைத்துக் காட்டுவாள். ஒரு பெரிய ஆபீஸில் பல வருஷம் இந்த வேலையைச் செய்தாள். அவள் வரைந்ததெல்லாம் ஆபீஸ் பெயரில்தான் போகும். ஒருநாள், "போதும்ணா, இனிமே என் பேர்ல செய்யறேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். எனக்குப் பயமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. வந்த கையோடு, குழந்தை வைத்தியம் பார்க்கிற டாக்டரம்மா ஒருவர் தம் புது கிளினிக்கை இவளிடம் ஒப்படைத்தார். ஒரே நிபந்தனை. "உள்ள நடந்து போற மாதிரி முழுசா எனக்குக் காட்டிடும்மா. பார்த்துட்டுத்தான் கட்டறவங்களுக்குச் சொல்லுவேன். அவங்க அடுத்த மாசம் வந்து இறங்கிடுவாங்க."

தங்கையிடம் இருந்ததோ ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர். ஒரு சுவரின் நிறத்தை மாற்றச் சொன்னால், அது யோசித்து, இரைந்து, சூடாகி, இவள் போய் டீ போட்டுக் குடித்துவிட்டு வந்து பார்க்கும்போது பாதிச் சுவரை மாற்றியிருக்கும். மொத்த கிளினிக்குக்குள்ளும் நடக்கச் சொன்னால் அது வாசலிலேயே உட்கார்ந்துவிடும். என் லேப்டாப்பைக் கொடுத்துப் பார்த்தேன். அந்தப் படத்தைத் திறந்ததும் மயங்கி விழுந்தது. புதிதாக ஒன்று வாங்கியே ஆக வேண்டும். இதற்கென்று சேர்த்த பணமும் இருந்தது. "நானே போய் ஒண்ணு வாங்கிட்டு வந்துடறேன்" என்று தங்கை செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"நீயா?" என்றார் மாப்பிள்ளை. "ஏமாத்திடுவாங்க. என்கிட்ட விடு."

விட்டாள். அதுதான் அவள் செய்த தப்பு. வேறு தப்பு எதுவும் அவள் பக்கம் இல்லை.

அன்று முதல் அந்த வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் தண்ணீர் ஜாடியில் சாய்ந்தபடி ஒரு ஃபோன் நின்றது. அதில் தாடி வைத்த ஒருவர் ஒரு டப்பாவைத் திறந்துகொண்டே இருப்பார். மாப்பிள்ளை அவரை "நம்ம தாடிக்காரர்" என்பார், சொந்தச் சித்தப்பா மாதிரி. தாடிக்காரர் நல்லது என்று சொன்னதைத் மொட்டைத்தலைக்காரர் ஒருவர் வேறொரு வீடியோவில் மோசம் என்பார். இரண்டு பேரில் யார் சொல்வது சரி என்று மூன்றாவதாக ஒருவர் ஆராய்வார். இது போதாதென்று, கம்ப்யூட்டர் பைத்தியங்கள் கூடிப் பேசும் இணையச் சபையில் தம் தேர்வை எழுதிப் போட்டுக் கருத்துக் கேட்பார். பூனைப் படம் வைத்த ஒருவர், "மதர்போர்டை மாத்துங்க பாஸ்" என்பார். இவர் மாற்றுவார். கத்திப் படம் வைத்த ஒருவர், "முதல்ல போட்டதே சரி" என்பார். இவர் திரும்ப மாற்றுவார். கட்டிய மனைவி சமையலறை விளக்கை மாற்றச் சொல்லி எத்தனை நாளாகிறது என்று அந்தப் பூனையிடமாவது யாராவது சொல்லியிருக்கலாம்.

ஒருநாள் நான் போயிருந்தபோது, சாப்பாட்டு மேஜையில் தங்கைக்கு வகுப்பு நடந்துகொண்டிருந்தது.

"இங்க பாரு, எல்லாம் ஒண்ணுக்கொண்ணு சமமா இருக்கணும். மத்ததெல்லாம் ரெடியா இருந்தாலும், ஒண்ணே ஒண்ணு மட்டும் மந்தமா இருந்துச்சுன்னு வெச்சுக்கோ, அத்தனையும் அதுக்காகக் காத்துக்கிட்டு நிக்கும். மொத்த வேலையும் கெட்டுப்போகும். புரியுதா?"

தங்கை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லாப் புரியுதுங்க" என்றாள்.

"அதைக் கண்டுபிடிச்சு முதல்ல தூக்கிடணும்."

"ஆமாங்க" என்றாள் தங்கை, என்னைப் பார்த்து.

வாங்கவே மாட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். வாங்கினார். முதலில் எதை வாங்கினார்? பெட்டியை. மூன்று பக்கமும் கண்ணாடி வைத்து, உள்ளே நீலமும் சிவப்பும் பச்சையும் மாறி மாறி எரிகிற கேபினெட். உள்ளே ஒன்றுமில்லை, விளக்கு மட்டும் எரிந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினார். அதை எங்கே வைத்தார் என்கிறீர்கள்? தங்கை வரைகிற மேஜையில். அவளும் கிழட்டுக் கம்ப்யூட்டரும் சாப்பாட்டு மேஜைக்கு இடம்பெயர்ந்தார்கள்.

அதன்பிறகு, எது எப்போது மலிகிறதோ அதை அப்போது பிடித்தார். மதர்போர்டு தள்ளுபடியில் வந்தது, கடைக்கு ஓடினார். நானும் கூடப் போனேன். கடைக்காரர் வழக்கம்போல, "சார், இங்கயே ஒருதடவை பிரிச்சு ஓட்டிக் காட்டிடட்டுமா? ஏதாவது கோளாறு இருந்தா பத்து நாளைக்குள்ள நானே வேற குடுத்துடுவேன்" என்றார். மாப்பிள்ளை டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டார். "வேணாம், சீலை உடைச்சுடாதீங்க!"

வெளியே வந்ததும் எனக்கு விளக்கினார். "சீல் போயிடுச்சுன்னா மதிப்பு போயிடுச்சு மச்சான். நாளைக்கே இதைவிட நல்லது வந்துச்சுன்னா? சீல் இருந்தா அப்படியே கைமாத்தி விட்டுடலாம்." கல்யாணமானவுடனே மனைவியை இந்தக் கணக்கில் அவர் வைக்காமல் இருந்தது எங்கள் குடும்பம் செய்த புண்ணியம் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்படியே பவர் சப்ளை வந்தது, ரேம் வந்தது, பிராசசர் வந்தது. எல்லாம் சீல் உடையாமல் துணி அலமாரியில் குடியேறின. வீட்டுத் துணிகள் நாற்காலிகளுக்குப் போயின. வருகிறவர்கள் நின்றுகொண்டே பேசினார்கள். தங்கை ஒருநாள் மெதுவாக, "வந்த வரைக்கும் ஒருதடவை போட்டுப் பார்த்துடுங்களேன்" என்றாள். "கார்டு வராம எதைப் போட்டு எதைப் பார்க்கறது?" என்றார். கார்டு ஏன் வரவில்லை? புதுசு வரப்போகிறது. அறிவிப்பு வந்துவிட்டது, தாடிக்காரர் இன்னும் அதைத் திறக்கவில்லை.

இதற்குள் டாக்டரம்மாவிடமிருந்து ஃபோன் வந்தது. முதலில் விசாரிப்பாக வந்தது, பிறகு நினைவூட்டலாக வந்தது. கட்டுகிறவர்கள் வரும் தேதி நெருங்கியபோது, "முடியலைன்னா சொல்லிடும்மா, நான் தப்பா நினைச்சுக்க மாட்டேன்" என்று வந்தது. தப்பாக நினைத்துக்கொள்ள மாட்டேன் என்று ஒருவர் சொல்லும்போது அவர் எவ்வளவு தூரம் நினைத்துவிட்டார் என்பது உங்களுக்குத் தெரியும். அன்று தங்கை சத்தம் போடவில்லை. மாப்பிள்ளையின் ஃபோனைக் கையிலிருந்து வாங்கி, தாடிக்காரரை நிறுத்தி, மேஜையில் கவிழ்த்து வைத்தாள்.

"இந்த வேலை கை நழுவிப்போச்சுன்னா நான் மறுபடியும் அந்த ஆபீஸ் வாசல்லதான் போய் நிக்கணும். அதுக்கா வெளிய வந்தேன்?"

மாப்பிள்ளை கலங்கிப் போனார். மறுநாளே கடையில் இருந்த கார்டு ஒன்றை வாங்கினார். வாங்கிக்கொண்டு வந்தவர் முகத்தில் ஒரு தியாகியின் சோர்வு இருந்தது. "ஆறே மாசத்துல இதைவிட நல்லது வரும். ஆனா என்ன பண்றது, குடும்பம்" என்றார் என்னிடம்.

ஞாயிற்றுக்கிழமை அசெம்பிள். சாட்சிக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார். சாப்பாட்டு மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, சீல்களை ஒவ்வொன்றாக, ஏதோ பாவம் செய்கிறவர் மாதிரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு அறுத்தார். யாரும் காலைத் தேய்த்து நடக்கக் கூடாது. உடம்பில் ஊறும் மின்சாரம் பாகங்களைக் கொன்றுவிடும். யாரும் தும்மக் கூடாது. தங்கை டார்ச் பிடிக்க வேண்டும். பிராசசர் மேல் சூடு கடத்த ஒரு பசை தடவ வேண்டுமாம். அதைப் பட்டாணியளவு வைப்பதா, கோடாக இழுப்பதா, பெருக்கல் குறியாகப் போடுவதா என்பதில் உலகம் மூன்றாகப் பிளந்து கிடக்கிறதாம். அது தீரும்வரை அரை மணி நேரம் டார்ச் எரிந்தது. கடைசியில் பட்டாணி ஜெயித்தது.

எல்லாம் பூட்டி முடித்து, கேபினெட்டை மூடி, ஒரு பேச்சும் பேசினார். ஒவ்வொரு பாகமும் தம்மால் எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பது பற்றி. பிறகு பட்டனை அழுத்தினார்.

ஃபேன்கள் சுற்றின. நீலம், சிவப்பு, பச்சை. அறையே ஜொலித்தது. திரையில் இருட்டு.

"அழகாத்தான் இருக்கு" என்றாள் தங்கை. "படம் எங்க?"

"வரும், வரும். முதல்தடவை கொஞ்சம் யோசிக்கும்."

யோசித்தது. நாங்கள் சாப்பிட்டோம். அது இன்னும் யோசித்தது. அணைத்துப் போட்டார், கழற்றிப் பூட்டினார், ரேமை இடம் மாற்றிச் செருகினார். நீலம், சிவப்பு, பச்சை, இருட்டு. எதில் கோளாறு என்று தெரிய வேண்டுமானால், நன்றாக ஓடுகிற பாகங்களைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் தங்கை உள்ளறையில் டாக்டரம்மாவிடம், "ரெண்டே நாள்ல காட்டிடறேன் மேடம், மிஷின் வந்துடுச்சு" என்று பேசிக்கொண்டிருந்தாள். நான் கை கழுவப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால், மாப்பிள்ளை கிழட்டுக் கம்ப்யூட்டரின் வயிற்றைத் திறந்து, உள்ளே இருந்த பவர் சப்ளையைப் பிடுங்கி வெளியே வைத்திருக்கிறார்.

"மாப்பிள்ளை, அதுல அவ வேலை இருக்கே!"

"ஒரே நிமிஷம் மச்சான். செக் பண்ணிட்டு அப்படியே மாட்டிடறேன்."

செக் பண்ணினார். புதுசு அப்போதும் இருட்டாகவே இருந்தது. அப்படியே மாட்டினார். பழசும் இருட்டாகிவிட்டது. தங்கை ஃபோனை வைத்துவிட்டு வந்து பார்த்தபோது, காலையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்த வீட்டில் இப்போது இரண்டு இருந்தன, இரண்டும் ஓடவில்லை. மேஜைமேல் எரிந்துகொண்டே கிடந்த டார்ச்சை எடுத்து அணைத்து வைத்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கண்ணாடிப் பெட்டியைத் தூக்கி ஜன்னல் வழியாகப் போட்டிருப்பேன். கீழே ஆள் நடமாட்டம் இருந்தது.

மறுநாள் கடைக்காரர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார். "மதர்போர்டு செத்துப்போச்சு சார். கம்பெனியில இருந்து வரும்போதே இப்படித்தான் வந்திருக்கும்." பில்லைப் புரட்டினார். "அன்னைக்கே பிரிச்சிருந்தீங்கன்னா அந்த நிமிஷமே வேற குடுத்திருப்பேன். இப்ப கம்பெனிக்குத்தான் அனுப்பணும். எப்ப வரும்னு என்னால சொல்ல முடியாது."

"ஆனா நேத்து வரைக்கும் சீல் உடையலையே!" என்றார் மாப்பிள்ளை.

"ஆமா சார்" என்றார் கடைக்காரர். "அதான் சொல்றேன்."

சரி, வேறு மதர்போர்டு ஒன்றை உடனே வாங்கிப் போட்டிருக்கலாமே என்பீர்கள். நானும் அதையேதான் சொன்னேன், பணம் நான் தருகிறேன் என்றும் சொன்னேன். அந்த பிராசசருக்குப் பொருந்தும் மதர்போர்டு கடையில் ஒன்று இருக்கவும் இருந்தது. மாப்பிள்ளை அதைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, கீழே வைத்தார். "இந்த மாடலைப் பத்தி நம்ம தாடிக்காரர் என்ன சொன்னார்னு பார்த்துட்டு, சாயங்காலம் வரலாம் மச்சான்."

சாயங்காலம் வரை தங்கை காத்திருக்கவில்லை. பழைய கம்ப்யூட்டரிலிருந்து டிஸ்க்கைத் தானே கழற்றி, துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு பழைய ஆபீஸுக்குப் போனாள். அங்கே மேலாளராக இருக்கும் அம்மாள் கெட்டவர் இல்லை. "தாராளமா வா. உன் சீட்டு காலியாத்தான் கிடக்கு. ஆனா இங்க உட்கார்ந்து முடிச்சா நம்ம ஆபீஸ் பேர்லதான் போகும். மேலிடத்துல அப்படித்தான் சொல்லுவாங்க. உனக்கே தெரியும்" என்றாராம். தெரியும். அதிலிருந்து தப்பிக்கத்தானே வெளியே வந்தாள்? உட்கார்ந்தாள். அங்கே இருந்த கம்ப்யூட்டர் என்ன மாடல் என்று அவள் பார்க்கவில்லை. கறுப்பாக ஒரு பெட்டி. பட்டனை அழுத்தினால் எரிந்ததாம். சொன்ன தேதியில் டாக்டரம்மா தம் கிளினிக்குக்குள் நடந்து பார்த்துவிட்டார்.

கிளினிக் திறந்ததும் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். ஊசி போடுகிற அறையில் ஜன்னல், பெரியவர்கள் உயரத்தில் இல்லாமல் குழந்தையின் கண்மட்டத்தில் இருந்தது. பெயர் எழுதிக்கொள்கிற மேஜை தாழ்ந்திருந்தது. எதிரே நிற்கிற வாண்டுக்கு உட்கார்ந்திருப்பவரின் முகம் தெரியும். ஒரு குழந்தைகூட அங்கே அழவில்லை என்று சொன்னால் பொய். அழுத குழந்தை அழுதுகொண்டே ஜன்னலைப் பார்த்தது. வாசல் பக்கச் சுவரில் சின்னதாக ஒரு பித்தளைத் தகடு. உள் வடிவமைப்பு: ஆபீஸின் பெயர். தங்கை அதைப் பார்க்காதது போல் செருப்பைத் தேடினாள். இப்போது அவள் தினமும் அதே ஆபீஸுக்குத்தான் போகிறாள்.

அன்று கிளினிக்கைப் பார்த்துவிட்டு அவர்கள் வீட்டுக்கு வந்ததும் மாப்பிள்ளை டீ கொண்டுவந்து கொடுத்து, என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். முகத்தில் வெகுநாளாக இல்லாத ஒரு தெளிவு.

"யோசிச்சுப் பார்த்தா ஒருவிதத்துல நல்லதாத்தான் போச்சு மச்சான். அவளுக்கு ஆபீஸ்லயே நல்ல மிஷின் இருக்கு. இனிமே நமக்கு அவசரமே இல்ல. நிதானமா, சரியானதாப் பார்த்து வாங்கலாம்."

தங்கை உள்ளே உடை மாற்றிக்கொண்டிருந்தாள். கேட்டிருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன். கேட்டிருக்கக் கூடாது.

நல்லவேளை, நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இவ்வளவு நேரம் பேசியும் அது என்ன கார்டு, என்ன பிராசசர், எத்தனை ஜிபி ரேம் என்று நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையே. அது உங்களை நடுநடுவே அரித்ததா? அந்த கார்டுக்கு அந்த பவர் சப்ளை போதுமா என்று ஓர் இடத்திலாவது தோன்றியதா? நானாக இருந்தால் வேறொன்றை எடுத்திருப்பேன் என்று மனத்துக்குள் ஒன்றை எடுத்தும் வைத்துவிட்டீர்களா? அப்படியானால் ஒரு சின்ன உதவி செய்யுங்கள். தேடிப் பார்க்க எடுத்த ஃபோனைக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டு, உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் இடமில்லாமல் ஒடுங்கி உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருப்பது யார் என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.